ஞாயிறு இரவு ரொட்டி

எங்கள் இல்லத்தில் இரவு உணவு ஒன்றன்று, மூன்று. மாலை ஆறரை மணிக்கு எங்கள் அன்னையார் குழையப் பிசைந்த மோர்ச்சோற்றையும் ஒரு துண்டு நார்த்தங்காயையும் தட்டில் இட்டுக்கொண்டு, சமையலறை வாயிலருகே தமக்கென்று போடப்பட்டுள்ள நாற்காலியில் அமர்ந்து உண்பார். எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் சப்பாத்தியும் கூட்டும் உண்போம். பத்து மணிக்கு மேல், அயல்நாட்டுக் கடிகாரத்துக்கு ஏற்ப வேலை பார்க்கும் எங்கள் மகனும் அவன் மனைவியும், வாயில்மணியை அழுத்திவிட்டுப் படியிறங்கி ஓடும் ஓர் இளைஞர் கொணர்ந்த அட்டைப்பெட்டியைத் திறப்பார்கள். ஆறு வயதுப் பேத்தி மூன்று பந்தியிலும் சிறிது சிறிது கொறித்துவிட்டு, எதிலும் வயிறு நிறையாமல் உறங்கிப் போவாள்.

நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது தில்லி போன்ற மாநகரில் அரிது என்று சங்கத்து நண்பர்கள் எங்களைப் பாராட்டுவதுண்டு. நாங்கள் அடக்கத்தோடு தலையசைத்து அப்பாராட்டை ஏற்றுக்கொள்வோம். கூரை ஒன்றுதான். பந்தியைப் பற்றி எவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இப்பிரிவினைக்கு ஒரு தொடக்கம் உண்டு. எட்டாண்டுகளுக்கு முன் எங்கள் மகனுடைய திருமண வரவேற்பு இங்கே ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. மணமகள் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். விருந்தில் தந்தூர் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த ரொட்டியைப் பரிமாறினார்கள். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் 'நான்' என்று தன்மை ஒருமையாகிவிடும். அன்னையார் அப்பெயரைக் கேட்டுச் சிரித்து, "நான் நானைச் சாப்பிடலாமா?" என்றார். அடுத்த கணமே குரலைத் தாழ்த்தி, "ஏண்டா, மாவுல முட்டை கிட்டை சேத்திருப்பாங்களா?" என்று வினவினார். வாழ்நாளில் முட்டையைக் கையாலும் தொட்டறியாதவர் அவர். விருந்தினரை வரவேற்கும் பரபரப்பில் இருந்த நாங்கள் சமையற்காரரைக் கேட்கவில்லை, எவரையுமே கேட்கவில்லை. "இல்லவே இல்லை, பெண் வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டோம்" என்று சொல்லி நகர்ந்தோம்.

மூன்று திங்கள் கழித்துச் சம்பந்தியம்மாள் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தபோது, அன்றைய ரொட்டி அத்துணை மென்மையாக இருந்ததன் காரணத்தைக் கள்ளமின்றி எடுத்துரைத்தார். மாவில் முட்டை. அன்னையாருக்கு இந்தி பேச வராதே தவிர, காய்கறி வண்டிக்காரரிடம் இருபதாண்டு பழகிய காதுக்கு 'அண்டா' என்னும் சொல் நன்றாகவே புரிந்தது. அன்றும் மறுநாளும் அவர் எதுவும் உண்ணவில்லை. யாரையும் எதுவும் கேட்கவுமில்லை. பெண் வீட்டார் தெரிந்தே பொய்யுரைத்து விட்டனர் என்று முடிவு செய்துகொண்டார். அதைத் திருத்துவதற்கு எங்களிடமிருந்து ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இன்று சொல்லலாம், நல்ல நேரம் பார்த்து நாளை சொல்லலாம் என்று எட்டாண்டுகள் கழிந்தன.

அதன் பின் மருமகள் கைபட்ட எதையும் அவர் உண்டதில்லை. கடிந்து ஒரு வார்த்தை சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. அவள் அன்போடு ஒரு கிண்ணம் உப்புமாவையோ பாயசத்தையோ கொண்டுபோய் நின்றால், "வேண்டாம்மா, வயிறு சரியில்லை" என்பார். தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று வகை உண்டென்று பள்ளியில் படித்திருக்கிறோம். 'வயிறு சரியில்லை' என்பது எங்கள் இல்லத்தில் மூன்றுமாக விளங்கிற்று. அந்தப் பெண் கெட்டிக்காரி. விரைவில் புரிந்துகொண்டு கேட்பதை நிறுத்திவிட்டாள். காரணம் மட்டும் அவளுக்குத் தெரியாது. தமிழர்களின் ஆசாரம் போலும் என்று எண்ணியிருக்கிறாள். நாங்களோ ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு என்று அமைத்துக்கொடுத்து, அதற்கு அனுசரணை என்று பெயரும் சூட்டி வைத்திருந்தோம்.

இந்த ஆண்டு சனவரித் திங்களில் மருமகளின் பாட்டி காலமானார். 1947இல் லாயல்பூரிலிருந்து குடிபெயர்ந்து வந்து, பழைய ராஜிந்தர் நகரில் வாழ்ந்து முடித்தவர். துக்கம் கேட்டு வந்தவர்களெல்லாம் போன பின், ஒரு மாலை மருமகள் எங்கள் அருகே வந்து அமர்ந்து தன் பாட்டியைப் பற்றிச் சொல்லலானாள். பஞ்சாபிச் சிற்றூர்களில் 'சாஞ்ஜா சூல்ஹா' என்று ஒன்று உண்டு. தெருவுக்கெல்லாம் பொதுவான கூட்டு அடுப்பு. அவரவர் வீட்டில் பிசைந்த மாவைப் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். ஒருத்தி தட்டுவாள், ஒருத்தி தந்தூரின் உட்சுவரில் அறைவாள், ஒருத்தி கம்பியால் எடுப்பாள். யார் வீட்டு மாவு யார் கையில் வெந்தது என்ற கணக்கு அங்கே கிடையாது. நாட்டை இழந்து வந்தவர்கள் அப்பழக்கத்தைத் தில்லித் தெருமுனைகளிலும் சிறிது காலம் நடத்தி வந்தார்கள். "பாட்டி கடைசிவரைக்கும் அந்த அடுப்பைப் பற்றித்தான் பேசினாள்" என்றாள் மருமகள்.

அந்த அடுப்பை நாங்களும் கண்டிருக்கிறோம். 1976இல் வேலையேற்று வந்த புதிதில் கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில், இங்குள்ளோர் பர்சாத்தி என்று சொல்லும் அறையில், தங்கியிருந்த காலம் அது. மாலை வேளையில் ஈரத்துணி மூடிய மாவுப் பாத்திரங்களோடு சிறுவர்கள் தெருமுனைத் தந்தூருக்கு வரிசை கட்டுவார்கள். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று சில்லறை வாங்கிக்கொண்டு அடுப்புக்காரர் சுட்டுக் கொடுப்பார். அந்த மணம் எங்கள் மாடி வரை வரும். நாங்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் சோற்றை இறக்கிவைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதை மோந்துகொண்டிருப்போம். இறங்கிச் சென்று ஒரு ரொட்டி வாங்கியிருக்கலாம். ஏனோ வாங்கியதில்லை.

அந்த மாலைப் பேச்சின் முடிவில்தான், ஞாயிறு இரவுக்கு எல்லோரும் உண்ணத்தக்க ஒரு ரொட்டியை வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தோம். பேத்திக்கு இழுத்தால் நூலாக நீளும் பாலாடைக்கட்டி வேண்டும். மகனுக்குச் சுட்ட காய்கறி வேண்டும். மருமகளுக்குத் தன் பாட்டியின் குல்ச்சாவைப் போல அடி முறுகியிருக்க வேண்டும். அன்னையாருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய மோர்ச்சோறு ஆறரை மணிக்கு ஆயத்தமாக இருக்கும் என்று எல்லோருமே எடுத்துக்கொண்டோம்.

முதல் ஞாயிறு முழுத் தோல்வி. தட்டிய மாவின்மேல் பச்சைத் தக்காளியையும் குடைமிளகாயையும் அரிந்து பரப்பி, பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, மூடி வேகவைத்தோம். திறந்து பார்த்தால் குளம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர். கத்தரியும் குடைமிளகாயும் அதற்குச் சற்றே பின்தங்கியவை. அந்த நீர் முழுவதும் மாவுக்குள் இறங்கி, ரொட்டி களியாகிவிட்டது. காய்களைத் தனியே சுட்டு, நீரை வற்றவிட்டு, பிறகே ரொட்டியின்மேல் ஏற்ற வேண்டும் என்பது அன்று பெற்ற பாடம். அன்றிரவு வழக்கம்போல் அட்டைப்பெட்டி வந்தது.

இரண்டாம் ஞாயிறு முன்னெச்சரிக்கையோடு இறங்கினோம். ஆறு ரொட்டிக்கு முந்நூற்றைம்பது கிராம் மைதா, நூற்றைம்பது கிராம் கோதுமை மாவு, இரண்டு கரண்டி தயிர், ஒரு தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரையோடு கரைத்த உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம். மருமகள் மாவைப் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, பாத்திரத்தில் மூடி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. தில்லியில் சனவரிக் குளிர் எலும்புக்குள் இறங்கும் குளிர். மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர் மட்டும் எப்படி விழித்திருக்கும்? மருமகள் முகம் வாடிப் போயிற்று.

வாயிலருகே நாற்காலியில் இருந்த அன்னையார் எதையும் பாராதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பளியில சுத்துங்களேன்" என்றார் சுவரை நோக்கி. மருமகள் திரும்பிப் பார்த்தாள். "இட்லி மாவும் இந்த ஊர்ல இப்படித்தான் மக்கர் பண்ணும். நான் வந்த வருஷம் ரெண்டு மாசம் இட்லியே கிடையாது. அப்புறம் பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி அரிசி டின்னுக்குள்ள இறக்கி வைப்பேன். காலையில பொங்கி நிக்கும்." 1998இல் எங்கள் தந்தையார் மறைந்த பின், சிதம்பரத்துக்கு அருகே உள்ள தம் சிற்றூரைவிட்டு இங்கு வந்த அன்னையார், அந்த முதல் குளிர்காலத்தில் அழுதது தந்தையாரை நினைத்து மட்டுமன்று, புளிக்காத மாவை நினைத்தும்தான் என்பது எங்களுக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

கம்பளியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் இறக்கினோம். ஒன்றரை மணி நேரத்தில் மாவு இருமடங்காகி மூடியை முட்டிற்று. பேத்தி விரலால் குத்திப் பார்த்துக் கூவினாள்.

அடுத்தது காய். குடைமிளகாயை அடுப்பின் நேர்ச்சுடரில் தோல் கருகும்வரை சுட்டு, மூடிய பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தால் தோல் கழன்று வந்துவிடும். இவ்வூர்க் கடைகளில் அதற்குச் சிம்லா மிர்ச் என்று பெயர். அதன் பூர்விகம் என்னவோ கடல்கடந்த அமெரிக்கக் கண்டம். வெங்காயத்தைத் தடித்த வட்டமாக அரிந்து கல்லில் வாட்டினோம். தக்காளியைப் பாதியாக வகிர்ந்து, வெட்டிய முகம் கல்லில் படும்படி கவிழ்த்தோம். மகன் ஒரு குண்டுக் கத்தரிக்காயை எடுத்து அப்படியே சுடரின்மேல் வைத்தான்.

"எண்ணெய் தடவினியா?" என்றது குரல். தடவவில்லை. "கீறிப் பாத்தியா? உள்ள புழு இருந்தா அதையும் சேத்துச் சுடுவியா?" பார்க்கவில்லை. அதற்குமேல் அன்னையாரால் அமர்ந்திருக்க இயலவில்லை. தொண்ணூறு வயது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். சுட்ட கத்தரிக்காய்க் கொத்சுக்காக அவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் காய்களைச் சுட்டிருப்பாரோ! மகன் கையிலிருந்து காயை வாங்கி, நான்காகக் கீறி, உட்புறம் பார்த்து, நல்லெண்ணெய் தடவி, காம்பைப் பிடித்துச் சுடரின் ஓரத்தில் திருப்பத் தொடங்கினார். நடுச்சுடரில் வைத்தால் தோல் கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஓரத்தில் வைத்துப் பொறுமையாகத் திருப்பினால்தான் சதை வெண்ணெயாகும். காம்பருகே விரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்ல வேண்டும். எட்டாண்டுகளில் முதன்முறையாக அவரும் மருமகளும் ஒரே அடுப்பின் முன் நின்றார்கள். நாங்கள் மூச்சுவிடவும் அஞ்சி நின்றோம்.

அப்போதுதான் மருமகள் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அன்னையாரின் கை நின்றது.

"இது எதனால உறைஞ்சது?"

அக்கேள்வியை அவர் வெறும் ஆசாரத்தால் கேட்கவில்லை. நாள்தோறும் பாலுக்கு உறை குத்தியவருக்குத் தெரியும், உறையில்லாமல் பால் தானாகக் கட்டியாகாது என்று. பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று கருதி வளர்ந்தவர் வேறு. எலுமிச்சைச் சாற்றைக் காய்ந்த பாலில் விட்டுத் திரித்தால் கிடைப்பது பன்னீர். அது வேண்டிய மட்டும் வதங்கும், சிவக்கும்; ஆனால் உருகாது. நூலாக இழுபடும் பாலாடைக்கட்டிக்கு ரென்னெட் என்னும் வேறு வகை உறை வேண்டும். தொன்றுதொட்டு அதைப் பால் குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்து வந்தார்கள். பிற்காலத்தில் பூஞ்சைக் காளான் வகையிலிருந்து அத்தகைய உறையை எடுக்கக் கற்றார்கள். நம் நாட்டில் விற்கும் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். இவற்றையெல்லாம் நாங்கள் முன்பே படித்து வைத்திருந்தோம். ஆகவே உடனே, "கவலைப்படாதீர்கள் அம்மா, சைவந்தான், பார்த்துவிட்டோம்" என்றோம்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார் அன்னையார். எங்களை நோக்கிச் சொல்லவில்லை. மருமகளையும் நோக்கவில்லை. கத்தரிக்காயைப் பார்த்துச் சொன்னார்.

மருமகளுக்குத் தமிழ் ஓரளவு புரியும். "என்றைக்கு, பாட்டி?" என்று கேட்டாள்.

எட்டாண்டுகளாகத் தேடிய நல்ல நேரம் கரிந்த தோலும் கத்தரிக்காய்ப் புகையுமாக இப்படி வந்து நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னோம். அன்று பெண் வீட்டாரை நாங்கள் கேட்கவேயில்லை; சமையற்காரரையும் கேட்கவில்லை; கேட்டதாகச் சொன்னது பொய்; அதன் பின் தெரிந்தும் எட்டாண்டுகள் வாய் திறக்கவில்லை; இவளும் இவளைப் பெற்றவர்களும் இதில் ஒன்றுமறியாதவர்கள். அவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மகன் மெல்ல அடுப்பைத் தணித்தான்.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. மருமகள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு நாங்கள் தகுதியானவர்களே. உப்புமாக் கிண்ணத்தோடு தான் நின்ற நாள்களை அவள் அப்போது எண்ணியிருக்கக் கூடும்.

பிறகு அன்னையார் பொட்டலத்தை எடுத்தார். எங்களிடம் நீட்டுவார் என்று கை நீட்டினோம். அவர் அதை மருமகளிடம் கொடுத்து, "நீ படி" என்றார்.

அவள் விளக்கின் அருகே சென்று, பொடி எழுத்துகளை ஒரு சொல் விடாமல் படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு முறை, பிறகு தன் அரைத் தமிழிலும் இந்தியிலும் கலந்து ஒரு முறை. பால், உப்பு, நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருள். "மாட்டுக் கன்று இல்லை பாட்டி. காளான் மாதிரி ஒன்று." அன்னையார் யோசித்தார். "ஈஸ்ட்டுன்னு போட்டியே, அதுக்கும் உயிர் இருக்கா?" இருக்கிறது என்றாள் அவள், மறைக்காமல். "இட்லி மாவு மாதிரியா?" ஏறத்தாழ அப்படித்தான். "அப்ப சரி" என்று கூறிவிட்டு, கத்தரிக்காயின் தோலை உரிக்கத் தொடங்கினார்.

மற்றவை விரைவில் முடிந்தன. எங்களிடம் தந்தூர் கிடையாது. தட்டிய மாவின் ஒரு புறம் நீர் தடவி இரும்புத் தோசைக்கல்லில் ஒட்டவைத்து, மேற்புறம் கொப்பளித்ததும் கல்லையே சுடரின்மேல் கவிழ்த்துக் காட்டுவது மருமகளின் பாட்டி கையாண்ட உபாயம். ஒட்டாத பூச்சிட்ட கல் இதற்கு உதவாது. ரொட்டி அடுப்பில் விழுந்துவிடும். இப்படி வெந்த ரொட்டியின்மேல் மசித்த கத்தரிக்காயை முதலில் பூசி, நீர் வற்றிய குடைமிளகாயையும் தக்காளியையும் வெங்காயத்தையும் பரப்பி, பாலாடைக்கட்டியைத் தூவி, சிறுதீயில் நான்கு நிமிடம் மூடி வைத்தோம். இம்முறை குளம் இல்லை. அடி முறுகி, மேலே உருகி நின்றது.

அன்றிரவு ஏழே முக்காலுக்கு ஆறு பேரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். மகன் தன் அயல்நாட்டு மேலாளரிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டிருந்தான். ரொட்டியின் ஓரம் அன்னையாரின் பற்களுக்குக் கடினமாக இருந்தது. மருமகள் ஓரத்தை நீக்கி, நடுப்பகுதியைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி அவர் தட்டில் வைத்தாள். அவர் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் உண்டார். கால் ரொட்டி இருக்கும். பாலாடைக்கட்டி நூலாக நீண்டபோது பேத்தி அதை விரலில் சுற்றிக் காட்ட, அன்னையார், "சோத்துல விளையாடாதே" என்று அதட்டினார். பிறகு கத்தரிக்காயில் உப்பு போதவில்லை என்றும், ஒரு கொத்து கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தால் குடி முழுகியிராது என்றும் கருத்துரைத்தார்.

எங்களோடு அவர் அன்று அதிகம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மருமகளும் இரண்டு மூன்று நாள்கள் கேட்டதற்கு மட்டுமே விடை கூறினாள். திங்கள் முதல் சனி வரை இன்றும் எங்கள் இல்லத்தில் மூன்று பந்திகள்தாம். அயல்நாட்டுக் கடிகாரத்தை நாங்கள் மாற்றியமைக்க முடியாது. அன்றிரவேகூட ஒன்பது மணிக்கு அன்னையார் சமையலறைக்குச் சென்று ஒரு கை மோர்ச்சோறு உண்டுவிட்டுத்தான் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை காய்கறி வண்டிக்காரர் கீழே குரல் கொடுத்தபோது, அன்னையார் மாடி முகப்பில் நின்று, தமக்குத் தெரிந்த நான்கு இந்திச் சொற்களால் குண்டுக் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அருகில் பையோடு மருமகள் நின்றாள். விலை அதிகம் என்றார் அன்னையார். அவள் படியிறங்கிப் போனாள்.